மூன்று புள்ளி வைத்த சிலிண்டர்

கரமனை,
திருவனந்தபுரம்.
10-7-1977

பிரியமுள்ள மாப்பிள்ளை அழகியநம்பிக்குத் தாணுலிங்கம் எழுதிக்கொண்டது.

உன் கடிதமும், நீ தொப்பி மாட்டிக்கொண்டு மஸ்கட்டில் கம்பெனி வண்டி முன்னால் நிற்கிற போட்டோவும் வந்து சேர்ந்தன. வெயிலில் கறுத்துக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். உலகம்மை அந்தப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் ஒரு வீட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பிள்ளைக்கு மூக்கு உன்னுடையது. மற்றதெல்லாம் எங்கள் வீட்டு ஜாடை என்று நான் சொன்னால், என் தங்கையாக இருந்தும் உலகம்மை சண்டைக்கு வருகிறாள். பகலெல்லாம் உறங்கிவிட்டு, மற்றவர்கள் படுக்கப் போகும் நேரத்தில் முழித்துக்கொள்கிறான். ஒர்க்‌ஷாப்பில் நீ இருந்த இருப்பு அப்படியே வந்திருக்கிறது.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நம் டாக்டரம்மா விஜயலக்ஷ்மியின் மோரிஸ் மைனர், நீ பிளேன் ஏறுமுன் கடைசியாகக் கை வைத்த வண்டி, போன மாதம் பொன்முடி இறக்கத்தில் அடிபட்டுவிட்டது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மழை வேறு. வளைவில் வண்டி நிற்காமல் போக, டிரைவர் வேல்சாமி பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்துப் பாறையில் கொண்டுபோய் மோதியிருக்கிறான். டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இனி ஆபரேஷன் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. வேல்சாமிக்கு முன்பக்கம் நசுங்கிக் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேல்சாமி பிரேக் இல்லை என்கிறான். பெடல் சேற்றில் கால் விட்டாப்போலப் போச்சு என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர், பைப்பெல்லாம் மோதலில் பிய்ந்து ஆயில் ஒழுகிப்போனதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் விடுவேனா? மெட்ராஸ் வரைக்கும் நானே ரயிலேறிப் போய், கடை கடையாக அலைந்து, மடியில் வைத்துக் கொண்டுவந்த, பிரேக்குக்கே உயிரான புது மாஸ்டர் சிலிண்டர் அது, என் மச்சினன் கையால் மாட்டியது, பெடல் கல் மாதிரி நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார்கள். தாணுலிங்கம் ஒர்க்‌ஷாப் பிரேக்காக்கும், அது ஒருநாளும் போகாது, வேல்சாமிதான் கண் அசந்திருப்பான் என்றார்கள். இப்போது அவன்மேல் நெடுமங்காடு கோர்ட்டில் கேஸ். வேலையும் போயிற்று.

அவன் பெண்சாதி மாடம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பஸ் பிடித்து இங்கே வந்து நின்றாள். நீங்க சொன்னதத்தான் சர்க்கார் நம்புது அண்ணாச்சி, இன்னொருக்கா அந்த வண்டியப் போயிப் பாருங்க என்று கெஞ்சினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குடும்பக் கஷ்டம் இருந்தால் வேறு உதவி கேள், என் மச்சினன் செய்த வேலையைக் குறை சொல்லிக்கொண்டு இந்தப் படி ஏறாதே என்று அனுப்பிவிட்டேன். 

நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் இருவரும் வைத்துக்கொண்ட வழக்கம் ஊருக்கே தெரியும். பிரேக் வேலை செய்தவன் வண்டியை ஒப்படைக்குமுன் தன் வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு முதல் சவாரி போய் வரவேண்டும். நீயும் மாசி மாதம் வாயும் வயிறுமாக இருந்த உலகம்மையை அந்த மைனரில் உட்காரவைத்து சங்குமுகம் கடற்கரை வரை போய் வந்தாய். வயிற்றில் இருக்கிற பிள்ளை அலுங்கக் கூடாது என்று நீ வண்டியைத் தேர் மாதிரி உருட்டிக்கொண்டு போனதை இன்றைக்கும் அவள் பெருமையாகச் சொல்கிறாள். இன்ஸ்பெக்டரிடம் இதையும் சொன்னேன். பெண்டாட்டியையே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறானா, அப்படியானால் சரி என்று அவரும் தலையாட்டினார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காதே, உனக்குத் தொண்டை ஆகாது. பிள்ளைக்குப் பெயர் என்ன வைக்கலாம் என்று எழுது.

உன் மச்சான்,
தாணுலிங்கம்


கரமனை,
திருவனந்தபுரம்.
4-9-1977

மாப்பிள்ளைக்கு,

ஓணம் நல்லபடியாக முடிந்தது. உலகம்மையும் பிள்ளையும் சுகம். வேறு விசேஷங்களை அடுத்து எழுதுகிறேன். மனசில் ஒன்று குத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உனக்கு விசா வாங்கிக் கொடுத்த அருமைநாயகம் போன வாரம் தன் மைனரை கிரீஸ் அடிக்க விட்டுவிட்டுப் போனார். அவர் வண்டி நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கிரீஸ் அடித்த கையோடு பிரேக் ஆயிலும் பார்த்துவிடலாம் என்று டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றினேன். உள்ளே சிலிண்டர் புதுசாக இருந்தது. இந்தச் சாமானுக்கு நான் மெட்ராஸில் என்ன பாடு பட்டேன், இவருக்கு எங்கே கிடைத்தது என்று ஆசையாகத் துணியால் துடைத்துப் பார்த்தேன்.

நாம் மாற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் பஞ்ச் உளியால் அடித்து மூன்று புள்ளி வைப்போம் அல்லவா? மெட்ராஸிலிருந்து வந்த அன்றைக்கே, என் வீட்டு அம்மிக்கல் மேல் வைத்து அந்த சிலிண்டருக்கு நான்தான் புள்ளி அடித்தேன். நடுப்புள்ளி அடிக்கும்போது பஞ்ச் வழுக்கிக் கீழே இழுத்துவிட்டது. நீகூடப் பக்கத்தில் நின்று, மச்சான், இது புள்ளியா கோலமா என்று சிரித்தாய். அந்த மூன்று புள்ளியும், அந்த இழுத்த கோடும் அருமைநாயகத்தின் வண்டியில் இருக்கின்றன.

அவரிடம் கேட்டேன். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். நம்பி போகதுக்கு முன்னே மாட்டித் தந்ததாக்கும், என் வண்டிக்கு பிரேக் சரியில்லன்னு சொன்னேன், சாரே நான் பாத்துக்கிடுதேன்னு ரெண்டே நாள்ல பண்ணித் தந்தான், நல்ல பய கேட்டியளா என்றார். எந்த ரெண்டு நாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சித்தி காரியத்துக்கு நான் நாகர்கோவில் போயிருந்த நாட்களாகத்தான் இருக்கவேண்டும். டாக்டரம்மா வண்டியை உன்னிடம் விட்டுவிட்டுத்தானே போனேன்?

மைனருக்கு இந்த சிலிண்டரை மாற்றுவது எத்தனை பாடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். போல்ட்டை உருவ விடாமல் அந்த டார்ஷன் பார் கம்பி குறுக்கே நிற்கும். அதை இறக்காமல் சிலிண்டர் வராது. நாள் முழுக்க முதுகு தரையில் கிடக்கவேண்டும். நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது நீ டாக்டரம்மா வண்டியின் தகட்டைத் திறந்து காட்டினாய். மேலே பளபளவென்று கறுப்பாக இருந்தது. நான் குனிந்து புள்ளியைத் தேடவில்லை. உன்னைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது.

ஒருவேளை உனக்கு இன்னொரு சிலிண்டர் கிடைத்து, அதை டாக்டரம்மா வண்டியில் மாட்டியிருப்பாய். இதைவிட அது நல்லதாக இருந்திருக்கும். என்னிடம் சொல்ல மறந்திருப்பாய். அப்படித்தான் இருக்கும் என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடிபட்ட அந்த மைனர் இன்னும் விதுரை போலீஸ் ஸ்டேஷன் பின்னால் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. போய்த் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை. உன் பதில் வரும்வரை போகமாட்டேன். உன் வாயால் கேட்காமல் வண்டியிடம் போய்க் கேட்டேன் என்று நாளைக்கு நமக்குள் ஒரு பேச்சு வரக் கூடாது.

தாணுலிங்கம், உனக்குப் பைத்தியமா என்று ஒரு வரி எழுது. போதும். நீ ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் வைத்தே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாணுலிங்கம்


கரமனை,
திருவனந்தபுரம்.
20-11-1977

திரு. அழகியநம்பி அவர்களுக்கு,

இப்படி எழுதிக் கைக்குப் பழக்கம் இல்லை. மாப்பிள்ளை என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் பதில் வந்தது. பழைய வண்டி ஒன்றுக்கு இத்தனை பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். அருமைநாயகம் மனம் வைக்காவிட்டால் விசா வேறு ஆளுக்குப் போயிருக்கும், டாக்டரம்மா வண்டியின் பழைய சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கிற ரப்பர் கப் புதிதாகப் போட்டதால் ஒரு வருஷம் தாங்கும், அதற்குள் மஸ்கட்டிலிருந்தே நல்ல சிலிண்டர் ஒன்று அனுப்பி மாற்றிவிடலாம் என்று இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரைவர்மார் உறங்குவதும் உள்ளதுதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளியே சொன்னால் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கேடு, உலகம்மை காதில் போடவேண்டாம் என்றும், எனக்கும் ஒரு விசா பார்ப்பதாகவும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. தாணுலிங்கத்தை இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறீர்கள்.

விதுரைக்குப் போனேன். நானாகத் தொடவில்லை. இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்து, அவர் கண் முன்னால்தான் கழற்றினேன். டார்ஷன் பார் நட்டில் வருஷக்கணக்கான துரு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. சிலிண்டர் பழையதுதான், அதை இறக்காமலே முனை மூடியைக் கழற்றிக் கப்பை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். தகட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற மேல்பக்கத்துக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட். உள்ளே குழாய் முழுக்கத் துரு தின்ற குழிகள். புதிதாகப் போட்ட ரப்பர் கப்பின் விளிம்பு அந்தக் குழிகளில் உரசி உரசிக் கிழிந்து தொங்கியது. வேல்சாமி முதல் நாளிலிருந்து சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. மிதித்த மிதியெல்லாம் அந்தக் கிழிசல் வழியாகப் போயிருக்கிறது.

வேலை தெரியாத ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். குழி விழுந்த சிலிண்டரில் புது கப் போட்டால் அது எத்தனை நாள் வரும் என்று நம் இருவருக்கும் ஒன்றுபோலத் தெரியும். அந்தப் பழையதைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஆகாது மச்சான், புதுசுதான் வேணும் என்று என்னை மெட்ராஸுக்கு அனுப்பியதே நீங்கள்தான்.

அங்கிருந்து பஸ் பிடித்துப் பொன்முடிக்கு ஏறினேன். வேல்சாமி லயத்து வாசலில் கட்டைக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவனிடம் சொன்னேன். என்னை அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன், இப்பமாவது ஒருத்தரு நம்புனியளே அண்ணாச்சி, எனக்கே நாம ஒறங்கித்தான் போயிட்டமோன்னு சந்தேகம் வந்துட்டு என்றான். மாடம்மாள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். முன்பு நான் விரட்டியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.  உங்களை நம்பி ஒரு தாளில் நான் போட்ட கையெழுத்து, காலை இழந்தவனைக் குற்றவாளியாக்கி உட்காரவைத்திருக்கிறது.

டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். மடக்க முடியாத அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்கள். நான் வேல்சாமியைப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேனே என்று மட்டும் சொன்னார்கள். அப்புறம், நம்பி அந்த வண்டியில பொண்டாட்டிய வெச்சுண்டுதானே போனான் என்று மெதுவாகக் கேட்டார்கள்.  நான் அதுவரை நினைக்கப் பயந்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

உலகம்மையிடம் நான் சொல்லவில்லை. அவளே வந்து கேட்டாள். டாக்டரம்மா வீட்டு வேலைக்காரி மூலம் காதில் விழுந்துவிட்டது. அடுப்படியில் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த சவாரியை முழுக்க ஒரு தடவை சொன்னாள். மேடு பள்ளம் இல்லாத பாதையாகப் பார்த்துப் போனீர்களாம். வழி முழுக்க உங்கள் கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருந்ததாம். என்ன என்று கேட்டால் பேசாதே என்று அதட்டினீர்களாம். கடற்கரையில் இறங்கிக் காலை நனைக்கலாம் என்று அவள் ஆசையாகச் சொன்னதற்கு, வேண்டாம், திரும்பலாம் என்றீர்களாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பிள்ளைக்காகத்தான் மெதுவாப் போறாருன்னு நெனச்சேன் அண்ணே, நாலு பேர்கிட்ட பெருமையாச் சொன்னேனே என்றாள். அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அழவில்லை. எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அன்றையிலிருந்து வண்டி என்று எதிலும் ஏற மறுக்கிறாள். தடுப்பூசி போடக்கூட நடந்துதான் போய் வந்தாள்.

அந்த முதல் சவாரியை நாம் எதற்காக வைத்துக்கொண்டோம்? வேலையில் சந்தேகம் இருக்கிறவன் தன் வீட்டு ஆளை ஏற்ற மாட்டான் என்றுதானே? அப்படி ஒருவன் ஏற்றுவான் என்று எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றியதில்லை. வழக்கத்தை மீறக் கூடாது என்று என் தங்கையைக் கொண்டுபோய் உட்காரவைத்தீர்களா, அல்லது எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்றா? எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஆறப்போவதில்லை. டாக்டரம்மா உங்களுக்கு வேற்று மனுஷி. வேல்சாமியும் வேற்று மனுஷன். அவர்களை நினைக்காதது துரோகம் என்றால், இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

கேஸ் அடுத்த மாதம் வருகிறது. நான் முன்பு எழுதிக் கொடுத்தது தவறு என்று கோர்ட்டில் ஏறிச் சொல்லப்போகிறேன். உங்கள் பெயரையும் சொல்வேன். ஒர்க்‌ஷாப்புக்கு இனி யார் வண்டி கொண்டுவருவார்கள் என்று தெரியவில்லை. வராவிட்டால் வேறு யாரிடமாவது வேலைக்கு நிற்பேன். ஆனால் வக்கீல் ஒரு பயம் சொல்கிறார். புது சிலிண்டர் என்று கையெழுத்துப் போட்டதும் நான், பழையது என்று சொல்லப்போவதும் நான். டிரைவர்மேல் இரக்கப்பட்டு இப்போது மாற்றிப் பேசுகிறேன் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடுமாம், இன்ஸ்பெக்டர் கண்ட துருவெல்லாம் வண்டி மாதக்கணக்காக மழையில் கிடந்ததால் வந்தது என்றும் சொல்லுமாம். நீங்கள் உங்கள் கையால், புது சிலிண்டரை மாட்டவில்லை, அது எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேல்சாமி தப்பித்துவிடுவான். அவனுக்குக் கால் திரும்ப வராது. தன் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, அப்பா உறங்கவில்லை என்று சொல்லவாவது முடியும். நமக்குள் இருந்த உறவை வைத்துக் கேட்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தொழிலாளியாக, இன்னொரு தொழிலாளிக்காகக் கேட்கிறேன். எழுதுங்கள்.

உலகம்மையிடம் ஏதாவது எழுதவேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, ஒன்று மட்டும் கேட்டு எழுது என்றாள். அன்றைக்கு வண்டியில் ஏறும்போது, வயிற்றைப் பார்த்து ஏறு என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாரே, அது எதற்கு என்று கேட்கச் சொன்னாள். அதற்குப் பதில் வராமல் மஸ்கட்டுக்கு வரமாட்டாளாம். பிள்ளைக்கு நீங்கள் எழுதிய பெயரை இன்னும் வைக்கவில்லை.

பிள்ளை சுகமாக இருக்கிறான். குப்புற விழுகிறான். உங்கள் போட்டோவைக் காட்டினால் கை நீட்டுகிறான், அவனுக்கு என்ன தெரியும்.

நீங்கள் அங்கே தினமும் மலைச்சாலையில் கம்பெனி வண்டியில் போய் வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஒரு கெடுதல் வரவேண்டும் என்று இந்த நிமிஷத்தில்கூட எனக்கு நினைக்க வரவில்லை. நீங்கள் ஏறுகிற வண்டிக்கெல்லாம் பிரேக் பார்த்தவன் யோக்கியனாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உலகம்மையின் அண்ணன்,
தாணுலிங்கம்